சாதுல்லா பாய் யார் ஆள்?

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருந்த சாதுல்லாவுக்கும் அரிசிக்கும் இருந்த சம்பந்தம், எல்லாரையும்போல அதைச் சாப்பிடுவது மட்டும்தான். அவர் விற்றது ஏர்க்கொழு, மண்வெட்டி, கடப்பாரை, வண்டிச் சக்கரத்துப் பட்டா, ஆணி. நெல் மண்டி வாசலை அவர் மிதித்ததில்லை. காணி நிலம் கிடையாது. அதனால் அவர் அரிசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது ஊருக்குப் பொறுக்கவில்லை. தனக்கு லாபமில்லாத விஷயத்துக்காக ஒரு மனிதன் வாயைத் திறப்பான் என்பதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் நம்பியிருக்காது.

அறுபதுகளின் நடுப்பகுதி. மழை இரண்டு வருஷம் ஏமாற்றியிருந்தது. ஒரு ஜில்லாவின் நெல்லோ அரிசியோ அனுமதிச் சீட்டு இல்லாமல் அடுத்த ஜில்லாவுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. சின்னசேலத்தைத் தாண்டி, சேலம் ஜில்லா தொடங்குகிற இடத்தில் ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, இரண்டு காவலர்களை உட்கார வைத்துவிட்டார்கள். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் ஒரு ரூபாய்க்குக் கிடைத்த அரிசி, அந்தப் பக்கம் தலைவாசலில் இரண்டு ரூபாய். நடுவில் இருந்தது ஒரு மூங்கில் கழி. வேறொன்றும் இல்லை.

சாதுல்லா ஆணி வாங்கச் சேலத்துக்குப் போன ஒரு காலையில் பஸ் அங்கே நின்றது. எல்லாரையும் இறக்கினார்கள். மூட்டை முடிச்சுகளைக் குத்தூசியால் குத்திப் பார்த்தார்கள். அந்தக் குத்தூசி தன் கடையில் வாங்கியது என்று சாதுல்லாவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. கடைசியாக ஒரு பெண் இறங்கினாள். ஏழு மாசமோ எட்டு மாசமோ. காவலன் அவளைத் தனியாக நிற்க வைத்தான்.

"வயித்துல இன்னா கட்டிக்கினு வர்றே?"

அவன் சொம்பைத் தட்டிப் பார்ப்பதுபோல அவள் வயிற்றை விரலால் இரண்டு தடவை தட்டினான். உள்ளே இருந்தது குழந்தைதான். "சரி, ஏறு" என்றான். முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் சிரித்தார்கள். அவள் ஏறி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேலம் வரைக்கும் அந்த முகம் திரும்பவில்லை.

சாதுல்லா ஆணி வாங்காமல் திரும்பி வந்தார். அன்று ராத்திரியே உட்கார்ந்து, கடலூரில் இருந்த ஜில்லா கலெக்டருக்கு ஒரு மனு எழுதினார். மூங்கிலை எடுத்துவிட வேண்டும்; விற்கிறவன் தன் இஷ்டத்துக்கு விற்கட்டும், வாங்குகிறவன் தன் இஷ்டத்துக்கு வாங்கட்டும்; நெல் விளைவித்தவனுக்கும் சோறு வேண்டியவனுக்கும் நடுவே ஒரு குத்தூசி எதற்கு என்று கேட்டிருந்தார். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை.

மனுவில் கையெழுத்து வாங்கக் கடைவீதி முழுக்க நடந்தார். நாற்பது கடைக்காரர்களில் மூன்று பேர் போட்டார்கள். மீதிப் பேர் படித்துவிட்டு மனுவைத் திருப்பித் தந்து, ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அது சரி பாய். உங்களுக்கு இதுல இன்னா?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாமயா இத்தினி தூரம் நடப்பீங்க."

ஒரு வாரத்துக்குள் ஊர் பதிலைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. சேலத்து வியாபாரி ஒருவன் சாதுல்லாவைத் தரகராகப் பிடித்துப்போட்டிருக்கிறான் என்றார் ஜவுளிக்கடைக்காரர். இல்லை, அவர் வீட்டிலேயே அரிசியைப் பதுக்கி வைத்திருக்கிறார், அதைத் தள்ளிவிடத்தான் இந்த அவசரம் என்றார் மளிகைக்காரர். இந்த இரண்டாவது பதில் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பெயர் போடாமல் எழுதி அனுப்பியும் வைத்தான்.

சப்ளை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் நாலு ஆட்களோடு காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தார். சாதுல்லாவின் மனைவி தாஹிரா, சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கதவை அகலத் திறந்தாள். அவர்கள் கட்டிலைப் புரட்டினார்கள். நெல்லே இல்லாத வீட்டில் நெற்குதிர் இருக்கிறதா என்று தேடினார்கள். ஒருவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். கடைசியில் அடுக்களையில் ஒரு தகர டப்பாவில் ஆறு படி அரிசி இருந்தது. அதிகாரி அதை அளக்கச் சொன்னார்.

"ஆறு படிதாங்க" என்றாள் தாஹிரா. "நாலு பேரு சாப்புடணும். அளந்துட்டுக் கீழ சிந்தினத எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. பொறுக்க எனக்கு நேரமில்ல."

அவர்கள் போன பிறகு அவள் புருஷனைப் பார்த்தாள். "ஊர்ல எல்லாரும் திருட்டுத்தனமா விக்கிறான். அவன் வூட்டுக்கு ஒருத்தனும் வரல. நீங்க திருட வேணாம்னு எழுதினீங்க, வந்துட்டானுங்க."

"நான் திருட வேணாம்னு எழுதல. மூங்கில எடுத்துட்டா அது திருட்டே இல்லன்னு எழுதினேன்."

"அதான் இன்னும் மோசம்" என்றாள் தாஹிரா. அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சோதனை நடந்த செய்தி பரவியதும் ஒரு வேடிக்கை நடந்தது. அரிசி வியாபாரிகள் சங்கத் தலைவர் கண்ணாயிரம், சாதுல்லாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். கண்ணாயிரத்திடம் அனுமதிச் சீட்டு இருந்தது. ஊரில் அது இருந்தது ஐந்து பேரிடம்தான். சீட்டு உள்ளவனுக்கு மூங்கில் தானாகவே மேலே போகும். அந்த ஐந்து பேருக்கும் இரண்டு வருஷத்தில் மாடி எழும்பியிருந்தது.

சங்கத்து அறையில் ரோஜாப்பூ மாலையும் பன்னீரும் வைத்திருந்தார்கள். கண்ணாயிரம் எழுந்து, வியாபாரி வர்க்கத்துக்காகக் குரல் கொடுத்துச் சோதனைக்கும் ஆளான சகோதரர் என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் பேசினார். அதிகாரிகளின் கெடுபிடியைக் கண்டித்தார். அரசாங்கம் கட்டாயமாக வாங்குகிற லெவி நெல்லைக் கண்டித்தார். மூங்கிலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு மாலையைப் போட்டார். சாதுல்லா மாலையோடு எழுந்தார்.

"ரொம்ப சந்தோஷங்க. மூங்கிலும் போவணும், சீட்டும் போவணும். ரெண்டும் ஒண்ணுதான். அஞ்சு பேருக்கு மட்டும் சீட்டு எதுக்கு? எவன் வேணும்னாலும் வாங்கட்டும், எவன் வேணும்னாலும் விக்கட்டும். மாட்டுவண்டி வெச்சிருக்கிறவன் கூட அரிசி வியாபாரம் பண்ணட்டும்."

அறையில் பன்னீர் வாசனை மட்டும் இருந்தது. கண்ணாயிரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாய், நீங்க வியாபாரிங்களுக்கு ஆதரவுன்னு இல்ல நெனச்சோம்."

"நான் வியாபாரத்துக்கு ஆதரவுங்க."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"நீங்க அஞ்சு பேருதான் வித்தியாசம்."

மாலையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதை அவர்கள் திருப்பிக் கேட்காதது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த மரியாதை. மறுநாளிலிருந்து, சாதுல்லா ரேஷன் கடையை மூடச் சொல்லி எழுதியிருக்கிறார் என்ற பேச்சு கிளம்பிற்று. எங்கிருந்து கிளம்பியது என்று யாரும் கேட்கவில்லை. சங்கத்துக் கணக்கப்பிள்ளை டீக்கடையில் அரை மணி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

இதற்கிடையில் கச்சிராயபாளையத்துப் பக்கம் அறுபது காணிக்குச் சொந்தக்காரரான பண்ணையார் கந்தசாமி, தன்னைப்போன்ற பண்ணையார்களோடு ஒரு கூட்டம் போட்டார். அரசாங்கம் குடியானவன் விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது கூட்டத்தின் நோக்கம். குடியானவன் என்றால் கந்தசாமி. லெவி கேட்கக் கூடாது, நிலத்துக்கு உச்சவரம்பு என்று வரக் கூடாது. நல்ல வெயிலில் சந்தைத் திடலில் பந்தல் போட்டு, சாதுல்லாவையும் மேடையில் ஏற்றினார்கள். "நம்ம பாய் நம்மைப்போலவே சுதந்திரம் வேணுங்கிறவரு" என்று கந்தசாமி அறிமுகப்படுத்தினார். ஒலிபெருக்கி அதை மூன்று தடவை சொல்லிற்று.

சாதுல்லாவுக்கு மேடை பழக்கமில்லை. கடையில் பேசுகிற மாதிரியே பேசினார். நெல்லை எங்கே நல்ல விலையோ அங்கே விற்க விடுங்கள் என்றார். கை தட்டினார்கள். பண்ணையார்தான் பலமாகத் தட்டினார்.

"நெல்லுக்கு மட்டும் இல்லீங்க. கைக்கும் அதே நாயந்தான். கூலிக்காரன் எங்க ஜாஸ்தி கெடைக்குதோ அங்க போவட்டும். முன்பணம் குடுத்துட்டோம், நம்ம பண்ணைய வுட்டு நகரக் கூடாதுன்னு ஒருத்தனக் கட்டிப் போட்டு வெச்சா அதுவும் ஒரு மூங்கில்தான்."

இப்போது பந்தலுக்குள் யாரும் தட்டவில்லை. பந்தலுக்கு வெளியே, வண்டி மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடமிருந்து ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது. கந்தசாமியின் பண்ணையாள் பூமாலைதான் தட்டியவன். தட்டிய பிறகுதான் அவனுக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்று நினைவு வந்தது.

பத்தாம் நாள் பூமாலை நெய்வேலிக்குப் போய்விட்டான். அங்கே சுரங்கத்துக்கு மண் வெட்ட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கந்தசாமி சாதுல்லாவின் கடைக்கு நேரே வந்து நின்றார்.

"எம் பண்ணையாளக் கெளப்பி வுட்டுட்டீங்களே பாய்."

"நான் யாரையும் கெளப்பலீங்க. நீங்க தலையிடக் கூடாதுன்னு சொன்னீங்க. நானும் அதத்தான் சொன்னேன்."

"அரசாங்கம் தலையிடக் கூடாதுன்னு சொன்னேன். நான் தலையிடக் கூடாதுன்னா சொன்னேன்? நீங்க கம்யூனிஸ்டா?"

சாதுல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தின வாரம்தான், கைத்தறிச் சங்கத்துப் பையன்கள் அவர் கடைச் சுவரில் முதலாளிகளின் கைக்கூலி என்று கரியால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதை அவர் இன்னும் அழிக்கவில்லை. கந்தசாமிக்கு அதைச் சுட்டிக் காட்டினார். கந்தசாமி படித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைப் பற்றி அவர் கவலைப்படுகிற ஆளும் இல்லை. இனி அந்தக் கடையில் தன் பண்ணைக்கு ஓர் ஆணி வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர்களை எல்லாம் சாதுல்லா சட்டை செய்யவில்லை. இவர்கள் வேண்டுமென்றே தப்பாகக் கேட்கிற காதுக்காரர்கள். ஊரின் கூலிக்காரப் பகுதியான கருணாபுரத்திலிருந்து வந்த பெண்கள்தான் அவரை அசைத்தார்கள்.

கருணாபுரத்தில் தினக்கூலிக்குப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர், கையில் ரேஷன் அட்டையோடு கடை முன்னால் வந்து நின்றார்கள். அம்சவள்ளி என்பவள் முன்னால் வந்தாள். சித்தாள் வேலை செய்கிறவள். கையில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது.

"ரேஷன் கடைய மூடச் சொல்லி எழுதிட்டியாமே பாய்."

"இல்லம்மா. எவனோ பொய் சொல்லிக்கினு இருக்கான். நான் மூங்கிலத்தான் எடுக்கச் சொன்னேன்."

"மூங்கில எடுத்தா இங்க இருக்கிற அரிசி சேலத்துக்குப் போயிடும். அப்பறம் கடையில எங்களுக்கு இன்னா போடுவான், உன் ஆணியா?"

"கேளும்மா. நெல்லுக்கு நல்ல வெல கெடைச்சா அடுத்த போகம் இன்னும் ஜாஸ்தி நட்டு வுடுவான். இப்ப லெவிக்குப் பயந்து கரும்பும் மல்லாக்கொட்டையும் போட்டுக்கினு இருக்கான். ஜாஸ்தி வெளஞ்சா வெல கம்மியாவும்."

அம்சவள்ளி பொறுமையாகக் கேட்டாள். "சரி. அடுத்த போகம் வரிக்கும்?"

இதற்குச் சாதுல்லாவிடம் பதில் இருந்தது. ஆனால் அது வயிறு நிறைந்தவன் சொல்கிற பதில். அதை அந்தச் சுண்ணாம்புக் கையைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. ரேஷன் கடைக்கு வேண்டிய அரிசியை அரசாங்கமும் சந்தை விலை கொடுத்து வாங்கலாம், யாரும் தடுக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். அது தன் காதுக்கே சால்ஜாப்பாகப் பட்டது. அவர்கள் திட்டாமல் போனார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருக்குத் தன்மீதே சந்தேகம் வந்தது. மூன்றாம் நாள் மலைக்குப் புறப்பட்டார்.

வருஷத்துக்கு இரண்டு தடவை கல்வராயன் மலைக்குக் களைக்கொத்தும் வெட்டரிவாளும் கொண்டுபோய் விற்பது அவர் வழக்கம். கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கே ஒரு கழுதையை வாடகைக்குப் பிடித்து, மூட்டையை அதன்மேல் போட்டுக்கொண்டு நடப்பார். பாதி ஏற்றத்தில் ஓர் ஓடையருகே கடுக்காய் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கீழிருந்து ஒரு பெண் தலையில் மூட்டையோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள். ஓடிவிடலாமா என்று யோசித்தாள். பிறகு ஆள் யாரென்று தெரிந்து, மூட்டையை இறக்கி வைத்தாள்.

"இரும்புக் கடைப் பாய்தானே நீங்க. எங்க வூட்டுக்காரர நெய்வேலிக்கு அனுப்பிச்சவரு."

அவள் பூமாலையின் மனைவி பச்சையம்மாள். சாதுல்லா எழுந்தே விட்டார். "நான் அனுப்பலம்மா" என்றார், பழக்க தோஷத்தில்.

"அனுப்பினதுல ஒண்ணும் தப்பில்ல. இப்ப நல்லாத்தான் இருக்காரு." ஓடையில் முகம் கழுவிக்கொண்டாள். மூட்டையின் கட்டுக்கிடையே நாலு அரிசி சிந்தியிருந்தது. அதை அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். ஒளிக்கவில்லை.

"கருமந்துறைக்கா?" என்று கேட்டார். அது மலையின் அந்தப் பக்கம், சேலம் ஜில்லா.

"ஆமா. இங்க வாங்கி அங்க குடுத்தா ரெண்டத்தனை. ரோட்டுல போனா அந்த மூங்கிலு. மலையில எவன் வந்து ஒக்காரப் போறான்? ஒரு நாளு ஏத்தம், ஒரு நாளு எறக்கம். கழுத்துதான் வலிக்குது." கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிச் சொடுக்கு எடுத்தாள். "நீங்க அத்த எடுக்கச் சொல்லி எழுதிக்கினே இருக்கீங்களாமே."

"ஆமாம்மா."

"எடுக்க வாணாங்க."

சாதுல்லா மறுபடி உட்கார்ந்தார். "ரேஷன் கடைய மூடிடுவாங்கன்னு சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்ல. நீங்க சொல்றது இன்னா, அவனவன் இஷ்டத்துக்கு வாங்கி வித்துக்கட்டும், நடுவுல ஒருத்தனும் நிக்க வாணாம். அதானே? மூங்கில் போச்சுன்னா லாரி லாரியா ஏத்திக்கினு போவான். அங்கயும் இங்கயும் ஒரே வெல வந்துடும். அப்பறம் என் தல மேல ஏத்திக்கினு போற மூட்டைய எவன் வாங்குவான்? அந்த மூங்கில்தான் எனக்குச் சோறு போடுது."

ஐந்து மாசமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததை, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் அவள் சொல்லிவிட்டாள். படித்தவர்கள், பட்டணத்துப் பத்திரிகை வரவழைக்கிறவர்கள், மாலை போட்டவர்கள், ஒலிபெருக்கிக்காரர்கள் ஒருவருக்கும் பிடிபடாதது, தலையில் பதினெட்டுப் படியைச் சுமந்துகொண்டு மலையேறுகிறவளுக்குப் பிடிபட்டிருந்தது.

"உனக்குத்தாம்மா புரிஞ்சிருக்குது" என்றார்.

"இதுல புரியறதுக்கு இன்னா இருக்குது? புரிஞ்சா ஒத்துக்கணுமா?"

"வாணாம். ஒத்துக்க வாணாம்."

"நீங்க சொல்றது நாயந்தான். எனக்குத்தான் வாணாம். அந்தக் கண்ணாயிரத்துக்கும் வாணாம், அவரும் மூங்கிலால பொழைக்கிறவருதான். ஆனா அவரு அத்த வெளிய சொல்ல மாட்டாரு. எனக்கு இன்னா, சொல்லிட்டேன்."

சாதுல்லா அவளுக்கு மூட்டையைத் தூக்கிவிட்டார். சட்டப்படி அது குற்றத்துக்கு உடந்தை. அதைவிட நல்ல காரியம் அந்த வருஷத்தில் தான் செய்யவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அன்றைக்கு மலையில் கொத்து எவ்வளவு விற்றது என்று கூட அவர் கவனிக்கவில்லை.

அடுத்த வருஷம் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பின. அதற்கடுத்த அறுவடையில் நெல் களத்தில் இடமில்லாமல் ரோட்டோரத்தில் கொட்டிக் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மூங்கிலை அவிழ்த்துவிட்டார்கள். கீற்றுக் கொட்டகையை யாரோ ஒருவன் தன் வீட்டுக்குக் கூரை போடத் தூக்கிப் போனான்.

சங்கம் பெருமுயற்சி எடுத்து இதைச் சாதித்ததாகக் கண்ணாயிரம் நோட்டீஸ் அடித்தார். குடியானவர்களின் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று கந்தசாமி வெடி வைத்தார். சாதுல்லா நோட்டீஸும் அடிக்கவில்லை, வெடியும் வைக்கவில்லை. ஆனாலும் மனசுக்குள், கடலூருக்குத் தான் எழுதிய ஒன்பது மனுக்களில் ஏதோ ஒன்றை எவனோ ஒரு நல்லவன் பிரித்துப் படித்திருக்கிறான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு இரண்டு மூன்று நாள் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

பச்சையம்மாள் ஒரு மண்வெட்டி வாங்க வந்தாள். நெய்வேலிக்குப் புருஷனோடு போகப் போகிறாளாம், அங்கே பெண்களுக்கும் வேலை இருக்கிறதாம்.

"உன் பொழப்பக் கெடுத்துட்டேன்" என்றார் சாதுல்லா.

"நீங்களா?"

"மனு எழுதினேனே."

பச்சையம்மாள் மண்வெட்டியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "மழ பேஞ்சுது பாய். நெல்லு வெளஞ்சுது. இனிமே ஒக்காந்து காக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு எடுத்துட்டான். மழ பேயலன்னா நீங்க நூறு மனு எழுதினாலும் அது அங்கியேதான் இருக்கும்." பிறகு, அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவப்பட்டவளைப்போல, "நீங்க எழுதினது நல்லதுதான்" என்றாள். மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாதுல்லாவுக்கு அது வலித்தது. வலித்த இடம் சரியான இடம் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு வருஷம் போயிற்று. அந்த வருஷம் காவேரிப் பக்கம் விளைச்சல் கொட்டித் தீர்த்தது. சேலம் ஜில்லா ஆத்தூர் ஆலைக்காரர்கள் அந்த நெல்லை வாங்கி அரைத்து, லாரி லாரியாகக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். கருணாபுரத்தில் ரேஷனுக்குச் சமமான விலையில் வெளியரிசி விற்றது. கண்ணாயிரத்தின் கிடங்கில் அரிசி தேங்கிற்று. கந்தசாமியின் நெல்லைக் கேட்பாரில்லை.

ஒரு மாலை, வெயில் இறங்கும் நேரத்தில், இரண்டு பேரும் ஒரே குதிரை வண்டியில் சாதுல்லாவின் கடைக்கு வந்தார்கள். பண்ணையாருக்கு அந்த வாசல் மறந்துபோயிருக்கவில்லை. சாதுல்லா முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பாய், நம்ம ஊரு அழிஞ்சுக்கினு இருக்குது" என்று ஆரம்பித்தார் கண்ணாயிரம். "ஆத்தூர்க்காரன் நம்ம வயித்துல அடிக்கிறான். எல்லையில தடுத்து நிறுத்தணும். வெளி ஜில்லா அரிசி உள்ள வரக் கூடாது."

"மூங்கிலா?" என்றார் சாதுல்லா.

"மூங்கிலோ, சங்கிலியோ. சங்கிலின்னாலும் உங்க கடையிலதான் வாங்குவோம்." கண்ணாயிரம் சிரித்தார். "மனு உங்க கையால எழுதினாத்தான் எடுபடும். அன்னிக்கு மூங்கில எடுக்க வெச்சவரே நீங்கதானே. ஊருக்கே தெரியும்."

எந்தப் பெருமைக்காகச் சாதுல்லா மனசுக்குள் ரகசியமாக ஏங்கினாரோ, அந்தப் பெருமை இப்போது ஒரு குதிரை வண்டியில் ஏறி வந்து அவர் கடையில் உட்கார்ந்திருந்தது. கண்ணாயிரம் அதைப் பன்னீரைப் போலத் தாராளமாகத் தெளித்தார்.

"நான் எடுக்கலீங்க. மழை எடுத்துச்சு" என்றார் சாதுல்லா. "கருணாபுரத்துல இந்த வருஷந்தான் வயிறு நெறைய சாப்புடறாங்க. அத நான் எதுக்கு நிறுத்தச் சொல்லணும்?"

"அப்ப நாங்க நட்டப்பட்டாப் பரவால்லியா?" என்றார் கந்தசாமி.

"அரிசிய நீங்க சேலத்துல விக்கலாம்னா, சேலத்தான் இங்க விக்கலாம். இத அன்னிக்கே சொன்னேன். நீங்க மேடையில கைகூடத் தட்டினீங்க."

"அன்னிக்கு நெலம வேற."

"உங்க நெலமதான் வேறங்க."

கந்தசாமி எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். கண்ணாயிரம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சாதுல்லாவின் முகத்தை ஆராய்ந்தார். அவர் கண்ணில் உண்மையாகவே ஒரு குழப்பம் இருந்தது. கணக்கில் எங்கேயோ ஒரு புள்ளி தப்புகிறது, அது எதுவென்று பிடிபடவில்லை என்கிற குழப்பம்.

"நெசத்தச் சொல்லுங்க பாய். ஆத்தூர்க்காரன் உங்களுக்கு இன்னா குடுத்தான்?"

சாதுல்லா சிரித்தார். முதலில் மெல்லத்தான் சிரித்தார். பிறகு அடக்க முடியவில்லை. பின்கட்டிலிருந்து தாஹிரா எட்டிப் பார்த்தாள். அந்த ஆள் இத்தனை வருஷத்தில் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. கண்ணாயிரம் கோபித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். பாய்க்குப் புத்தி பிசகிவிட்டது என்ற செய்தி, வண்டி மண்டித் தெருவைத் தாண்டுவதற்குள் கடைவீதியின் அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

சிரிப்பு அடங்கியதும் சாதுல்லா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கடலூருக்கு எழுத ஆரம்பித்தார். அவர்கள் அனுப்பப் போகிற மனுவை ஏற்கக் கூடாது என்று நாலு வரி எழுதியிருப்பார். மலையிலிருந்து வந்த ஒருவன் கடப்பாரை விலை கேட்டான். சொன்னார்.

"எதுர் கடையில எட்டணா கம்மியாச் சொல்றாங்களே."

"அப்படியா? போய்ப் பாத்து வாங்கிக்கப்பா. இரும்பத் தட்டிப் பாத்து வாங்கு."

அவன் எதிர்க் கடைப் பக்கம் போனான். சாதுல்லா பேனாவை மையில் தோய்த்து ஐந்தாவது வரியைத் தொடங்கினார்.